இரண்டு சதம்தானே என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

ஒன்லைன் போக்கர் விளையாடும் நம் இளைஞர்களிடம் கதைத்தால் மூன்று பதில்கள் வரும். "சின்னக் காசுதானே சேர்." "இது சூதில்ல, திறமை." "நான் லாபத்துலதான் இருக்கேன்." இந்த மூன்றையும் கேட்டுவிட்டு நம்மில் பெரும்பாலானோர் சொல்வது ஒரேயொரு சொல்: ஹராம். சொல் சரி. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மூன்று பதில்களும் மறுக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. பையன் தலையாட்டிவிட்டுப் போகிறான். இஷா முடிந்து வீடு அடங்கியதும் போனை எடுக்கிறான்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். அவன் சொல்லும் மூன்றும் கணக்குச் சம்பந்தப்பட்டவை. ஆகவே கணக்காலேயே பதில் சொல்கிறேன்.

*முதலாவது: சின்னக் காசு*

ஆகக் கீழே உள்ள மேசையில் பந்தயம் ஒரு அமெரிக்கச் சதம், இரண்டு சதம். வழக்கமாக ஒருவர் இரண்டு டொலரோடு உட்காருவார். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 600 ரூபா. ஒரு சிக்கன் கொத்துக்கும் காணாத காசு. "இதுக்குப் போய் ஏன் சேர் இவ்வளவு சத்தம்" என்று கேட்பது இதனால்தான்.

சரி, ஆறு பேர் உட்காருகிறார்கள். மேசையில் மொத்தம் 12 டொலர். நடுவில் சேரும் காசிலிருந்து ஒவ்வொரு முறையும் கம்பனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ‘ரேக்’ என்று பெயர். கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். 5 வீதம் என்று வைப்போம். ஒரு ஆட்டத்தில் சராசரியாக 20 சதம் சேர்ந்தால் கம்பனிக்கு ஒரு சதம். ஒன்லைனில் ஒரு மேசையில் மணிக்கு சுமார் 70 ஆட்டம் ஓடும். அப்படியென்றால் மணிக்கு 70 சதம் மேசையை விட்டுப் போகிறது. புதுக் காசு வராவிட்டால் 17 மணித்தியாலத்தில் 12 டொலரும் முடிந்துவிடும். ஆறு பேரில் ஒருவர் கையிலும் ஒன்றும் இருக்காது. யாரும் ஏமாற்றவில்லை. யாரும் மோசமாக ஆடவில்லை. ஆனாலும் காசு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரேக்குக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. பெரிய காசுக்கு ஆடுகிறவர்கள் அந்த வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிடுவார்கள்; அதற்கு மேல் அவர்களிடம் எடுப்பதில்லை. சதத்துக்கு ஆடுகிறவன் அந்த வரம்பை எட்டுவதே அருமை. அவன் ஒவ்வொரு முறையும் முழு வீதத்தையும் கட்டுகிறான். அதாவது பணக்காரனை விட ஏழையிடம்தான் விகிதப்படி அதிகம் பிடுங்கப்படுகிறது. இதற்குத்தான் நாம் ‘சின்னக் காசு’ என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறோம்.

*இரண்டாவது: திறமை*

இதை நான் மறுக்கவில்லை. போக்கரில் திறமை உண்டு. 2012 இல் அமெரிக்காவின் சமஷ்டி நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன், போக்கரில் அதிர்ஷ்டத்தை விடத் திறமைதான் மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பெழுதினார். அடுத்த வருடம் மேல் நீதிமன்றம் அந்த வழக்கின் முடிவை மாற்றியது. அது வேறு சட்டக் காரணத்துக்காக. திறமை உண்டா இல்லையா என்பது என் கேள்வியே அல்ல. தம்பி, உன்னிடம் அது இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

2015 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கொம்பியூட்டர் ஒன்றோடு உலகத்தரமான நான்கு போக்கர் வீரர்கள் 80,000 ஆட்டம் ஆடினார்கள். மனிதர்கள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ‘சிப்’ முன்னிலையில் முடித்தார்கள். அப்படியிருந்தும் ஆய்வாளர்கள் சொன்னது: புள்ளிவிபரப்படி வெற்றி தோல்வி சொல்ல ஏலாது. 2017 இல் அதே பல்கலைக்கழகம் வேறொரு நிரலோடு வந்து 1,20,000 ஆட்டம் ஆடிய பிறகுதான் கொம்பியூட்டர் வென்றது என்று உறுதியாகச் சொன்னது. மணிக்கு 70 ஆட்டம், இரவுக்கு நான்கு மணித்தியாலம் என்று ஒரு மேசையில் ஆடினால் 1,20,000 ஆட்டத்துக்கு 429 இரவுகள் வேண்டும். நம்முடைய தம்பி மூன்று இரவு வென்றுவிட்டு "எனக்கு இது வரும் மச்சான்" என்கிறான்.

ஏ.எல். பிள்ளைகளுக்கு நியம விலகல் தெரியும். இந்த ஆட்டத்தில் 100 ஆட்டத்துக்கு நியம விலகல் ஏறக்குறைய 90 பந்தய அலகு. நல்ல வீரன் ஒருவன் 100 ஆட்டத்துக்கு 5 அலகு வெல்லக்கூடியவன் என்று வைப்போம். 10,000 ஆட்டத்தில் அவன் எதிர்பார்க்கக்கூடிய லாபம் 500 அலகு. நியம விலகல் 900 அலகு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே திறமையுள்ள அவன் 10,000 ஆட்டத்தின் முடிவில் நட்டத்தில் இருப்பதற்கு 10 இல் 3 அளவு வாய்ப்பு உண்டு. இதைத் திருப்பிப் போடுங்கள். 5 அலகு தோற்கிற மோசமான ஆட்டக்காரன் அதே 10,000 ஆட்டத்தின் முடிவில் லாபத்தில் இருப்பதற்கும் 10 இல் 3 வாய்ப்பு. ஒரு மாதத்துக்கு மேல் இரவிரவாக ஆடியும் தான் யார் என்று அவனுக்குத் தெரியாது. தோற்கப் பிறந்த ஆட்டத்தில் தன்னை வீரன் என்று நம்பிக்கொண்டு அடுத்த மாதமும் உட்காருவான்.

ஏற்றம்தான் ஆபத்து, இறக்கமல்ல. முதல் இரவே 600 ரூபா தோற்றவன் தப்பித்தான். முதல் வாரம் 6,000 ரூபா வென்றவனுக்காகத்தான் துஆ செய்ய வேண்டும்.

*மூன்றாவது: லாபத்தில் இருக்கிறேன்*

சரி, மேலே சொன்ன அந்த நல்ல வீரன் நீதான் என்றே ஒப்புக்கொள்கிறேன். ரேக் எல்லாம் போக 100 ஆட்டத்துக்கு 5 அலகு உனக்கு மிஞ்சுகிறது. ஒரு அலகு இரண்டு சதம். 10,000 ஆட்டத்துக்கு 500 அலகு, அதாவது 10 டொலர். 10,000 ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் 143 மணித்தியாலம். வகுத்துப் பார்: மணிக்கு 7 சதம். நம் காசில் 21 ரூபா.

வென்றவனின் சம்பளம் இது. கடையில் ஒரு ப்ளேன்டீக்குக் காணாது. நான்கு மேசையில் ஒரே நேரத்தில் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு ஆடினாலும் மணிக்கு 84 ரூபா. 2022 இல் டொலர் 360 ரூபாவைத் தாண்டியபோது "டொலரில் உழைக்கிறோம்" என்று பெருமையடித்தவர்கள் உண்டு. அரபு மொழியில் சூதாட்டத்துக்கு ‘மைஸிர்’ என்று பெயர். இலகுவாகக் காசு கிடைப்பதால் ‘இலகு’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று விரிவுரையாளர்கள் சிலர் சொல்வார்கள். இந்தத் தம்பிமாரின் மைஸிரில் அந்த இலகுகூட இல்லை.

அதனால்தான் எவனும் கீழ் மேசையில் நிற்பதில்லை. 2 டொலர் மேசைக்கு மேலே 5, அதற்கு மேலே 10, 25, 50. எல்லாம் ஒரே திரையில் ஒரு விரல் தூரம். கீழே 25 முறை இரண்டிரண்டு டொலராகச் சேர்த்ததை 50 டொலர் மேசையில் ஒரேயொரு ஆட்டம் கொண்டுபோய்விடும். அது மோசமாக ஆடித்தான் போக வேண்டும் என்றில்லை. கையில் இரண்டு ‘ஏஸ்’ வைத்திருக்கிறாய், எதிரியிடம் இரண்டு ‘கிங்’. இதைவிட நல்ல நிலைமை அநேகமாகக் கிடைக்காது. ஆனாலும் ஐந்து தடவைக்கு ஒரு தடவை அளவில் நீ தோற்பாய். அந்த ஒரு தடவைக்குப் பிறகு மனிதன் மனிதனாக இருப்பதில்லை. விட்டதைப் பிடிக்கப் போகிறான். அவர்களே அதற்கு ‘டில்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை உம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாலும் எரிந்து விழுகிறான். காரணம் கேட்டால் சொல்ல முடியாது.

இதையெல்லாம் மறைப்பதற்குக் கதைகள் இருக்கின்றன. 2003 இல் அமெரிக்கக் கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் 100 டொலருக்கும் குறைந்த கட்டணத்தில் ஒன்லைனில் தகுதி பெற்று, உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். உண்மைதான். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரில் எத்தனை பேரின் பெயர் உனக்குத் தெரியும்?

இன்னொரு கதை, கிறிஸ் பெர்குசன் ஒரு சதமும் போடாமல் இலவசப் போட்டிகளில் ஆரம்பித்து 10,000 டொலர் வரை ஏற்றினார் என்பது. அதுவும் உண்மை. சதத்துக்கு ஆடுகிறவர்களுக்கு அவர்தான் முன்மாதிரி. ஆனால் அவர் பணிப்பாளராக இருந்த ‘புல் டில்ட்’ என்ற கம்பனிக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு அதை முடக்கியது. வீரர்கள் கணக்கில் வைத்திருந்த காசைத் திருப்பிக் கொடுக்கக் கம்பனியிடம் காசு இல்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்க நீதித் திணைக்களம் அதை ஒரு பொன்சி மோசடி என்று குற்றம் சாட்டியது. பெர்குசன் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே பின்னர் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டார். உலகம் முழுக்கச் சதம் சதமாகச் சேர்த்தவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

அது பெயரும் முகவரியும் உள்ள கம்பனி. இப்போது ‘க்ளப்’ செயலிகள் வந்திருக்கின்றன. செயலிக்குள் இருப்பது விளையாட்டுச் சிப் மட்டும்தான் என்று எழுதியிருக்கும். காசு கைமாறுவது வெளியே, வட்ஸ்அப்பில், ‘ஏஜென்ட்’ ஒருவர் மூலம். நீ வென்றாலும் தோற்றாலும் ரேக்கில் அவருக்குப் பங்குண்டு. காசில்லாவிட்டால் கடனுக்கும் சிப் போட்டுவிடுவார். நாளைக்கு அவர் நம்பரை மாற்றினால் பொலிசுக்குப் போய் என்ன சொல்லி முறைப்பாடு எழுதுவாய்?

இனி மார்க்கத்துக்கு வருகிறேன். சூரா அல்பகராவின் 219 ஆவது வசனம் மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குப் பயன் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. பயன் உண்டு, ஆனால் பாவம் அதைவிடப் பெரியது என்கிறது. என்ன பயன்? ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு போடுவார்கள். வென்றவர் தன் பங்கு இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். தானே சாப்பிடுவது அவருக்கு இழுக்கு. தப்ஸீர்களில் இது இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பசித்தவன் வயிற்றை நிரப்பிய சூதையே அல்லாஹ் தடுத்தான். நம்முடைய இரண்டு சதச் சூது எந்த ஏழையின் சட்டியில் விழுகிறது? உலகின் எங்கோ ஒரு மூலையில், சம்பளம் எடுத்த இரவில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியிடமிருந்து வருகிறது. அவனை இவர்கள் ‘மீன்’ என்று கூப்பிடுகிறார்கள். திறமை, திறமை என்று நீ சொல்வதெல்லாம் உன்னைவிட இளைத்தவனைத் தேடிப் பிடிக்கும் திறமை. அதில் என்ன பெருமை?

சூரா அல்மாயிதாவின் 90, 91 ஆம் வசனங்களும் தொகையைப் பற்றிப் பேசவில்லை. பகைமை, வெறுப்பு, அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது: காரணங்கள் இவைதாம். இரவு இரண்டு மணி வரை விழித்தவனுக்கு சுபஹ் போவதற்கு 50 டொலர் மேசையும் 2 டொலர் மேசையும் ஒன்றுதான். தோழனைச் சூதாட வா என்று அழைத்தவன் அந்த வார்த்தைக்காகவே ஸதகா கொடுக்கட்டும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. வாயால் அழைத்ததற்கே அப்படியென்றால், போனஸ் கிடைக்கும் என்று நண்பர்களுக்கு ‘லிங்க்’ அனுப்புகிறவர் எவ்வளவு ஸதகா கொடுக்க வேண்டும்?

"படம் பார்க்கவும் காசு போகுது, இதுவும் பொழுதுபோக்குத்தானே" என்று ஒரு கேள்வி வரும். டிக்கெட்டின் விலை உள்ளே போகுமுன் தெரியும். படம் முடிந்ததும் லைட்டைப் போட்டு வெளியே அனுப்புவார்கள். இந்தக் கொட்டகையில் லைட் போடுவதே இல்லை.

மௌலவிமாருக்கு ஒரு வேண்டுகோள். குத்பாவில் ஹராம் என்று சொல்லுங்கள். அதோடு இந்த 21 ரூபாவையும் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கும். பெற்றோருக்கு: போனைப் பறித்து உடைக்காதீர்கள். எத்தனை மணித்தியாலம், எவ்வளவு போட்டான், எவ்வளவு எடுத்தான் என்று ஒரு கொப்பியில் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கடன் இருந்தால் பயப்படாமல் சொல்ல இடம் கொடுங்கள்.

ஏஜென்ட் வேலை பார்க்கும் தம்பிமாருக்கு: நீங்கள் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். ஓ.எல். எழுதிய பிள்ளைக்குக் கடனில் சிப் போட்டு எடுத்த காசில் உங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்கப்படும் கணக்கு அது.

கீழே "நான் வென்றேன்" என்று கருத்துப் போட வருகிறவர்கள் தயவுசெய்து மணித்தியாலத்தையும் சேர்த்து எழுதுங்கள். வகுத்தல் கணக்கை நான் செய்து தருகிறேன்.