விடுமுறைத் திட்டத்தில் விடுபட்ட மலை

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் ஆசிரியர் அறைகளில் ஒரு தாள் சுற்றிவரத் தொடங்குகிறது. பாலித் தீவுக்கு ஐந்து நாள் சுற்றுலா என்று அதன் தலைப்பில் இருக்கும். விமானம் எத்தனை மணிக்கு, விடுதியில் காலைச் சிற்றுண்டி உண்டா, எந்தக் கடற்கரையில் எவ்வளவு நேரம், எந்தக் கடைத்தெருவில் எவ்வளவு நேரம் என்பன யாவும் கட்டமிட்டு எழுதப்பட்டிருக்கும். என் கைக்கு வந்த அத்தகைய தாள் ஒன்றை இருமுறை படித்தேன். அத்தீவை ஆக்கியவையும் அவ்வப்போது அழிப்பவையுமான எரிமலைகளைப் பற்றி அதில் எச்சரிக்கையாக ஒரு சொல்லும் இல்லை. பத்தூர் மலையின் பெயர் மட்டும் ஓரிடத்தில் இருந்தது; சூரிய உதயம், புகைப்படம் என்ற குறிப்போடு.

இதனைச் சுட்டிக் காட்டியபோது, "ஓய்வெடுக்கப் போகிறோம் ஐயா, புவியியல் படிக்கவா போகிறோம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அறையிலிருந்தோர் சிரித்தனர். வகுப்பறையில் எரிமலைக்குப் படம் வரைந்து விளக்கும் ஆசிரியரே அதன் அடிவாரத்திற்குச் செல்லும்போது அதனை மறந்துவிடலாம் என்றால், நாம் கற்பிப்பது எதற்காக? தேர்வுத் தாளுக்காக மட்டுந்தானா?

அகுங் மலை மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 1963ஆம் ஆண்டு, நூறாண்டுக்கு ஒருமுறை நிகழ்வதாகக் கருதப்படும் ஏகாதச ருத்திரப் பெருவேள்வி அதன் சரிவிலுள்ள பெசாக்கி ஆலயத்தில் நடைபெற்ற காலத்திலேயே அது வெடித்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலயம் தப்பியது. பழங்கதை என்று ஒதுக்குவோர் 2017ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு செப்டம்பரில் இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் தம் வீட்டையும் வயலையும் கால்நடைகளையும் விட்டு வெளியேறினர். மலை வெடித்ததோ நவம்பரில். அம்மாத இறுதியில் பாலியின் விமான நிலையம் ஏறத்தாழ இரண்டரை நாள் மூடிக் கிடந்தது. நம் விடுமுறைக் காலத்தில் நேர்ந்தது இது என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நண்பரின் தாளிலோ, பள்ளி திறப்பதற்கு முந்திய இரவுதான் திரும்பும் விமானம்!

சாம்பலுக்கு அஞ்சி விமானத்தை நிறுத்துவானேன் என்று கேட்போரும் உளர். அது அடுப்புச் சாம்பல் அன்று. பாறையும் கண்ணாடியும் பொடியானது. விமானப் பொறியின் வெப்பத்தில் உருகி, உட்பகுதிகளில் படிந்து, காற்றோட்டத்தை அடைத்துவிடும். 1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, சாவகத் தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுள் இருளில் புகுந்தது. நான்கு பொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தாழப் பறந்து சாம்பலிலிருந்து வெளிவந்த பின்னரே அவை மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. நம் மண்ணிலிருந்து கிளம்பிய விமானம் அது. பாலியின் மலைகள் அமைதியாக இருந்தாலும் போதாது; 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவோத்தோபி எரிமலை வெடித்தபோதும் பாலிக்குரிய விமானப் பயணங்கள் பல இரத்தாயின.

இவ்வளவையும் அறிந்துகொள்வது கடினமா? இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம் ஒவ்வொரு மலைக்கும் நான்கு நிலைகளை வகுத்து அறிவிக்கிறது: நொர்மால், வஸ்பாடா, சியாகா, அவாஸ். மலாய் அறிந்த நமக்கு அகராதியும் தேவையில்லை. மலேசியச் சாலையோரப் பலகைகளில் நாள்தோறும் காணும் 'அவாஸ்'தான் அது. நிலையோடு, எரிவாயிலிருந்து எவ்வளவு தொலைவு விலகி நிற்கவேண்டும் என்பதும் சொல்லப்படும். மேற்குச் சுமத்திராவின் மராப்பி மலை 2023 டிசம்பரில் வெடித்தபோது அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. மூன்று கிலோமீட்டருக்குள் நெருங்கலாகாது என்ற அறிவுரையும் இருந்தது. ஆயினும் மலையேறிகள் மேலே சென்றிருந்தனர். இருபத்து நால்வர் உயிரிழந்தனர். இச்செய்தியைப் படித்த பின்னும், மாணவரை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தில் ஒற்றை எண்ணாகிய அந்நிலையைக் குறிக்க மறுப்பதை அலட்சியம் என்றுகூட நான் சொல்லமாட்டேன்; அதைவிடக் கடுஞ்சொல் வேண்டும்.

வேறொரு வாதமும் உண்டு. பாலி நம் சமயத்தார் வாழும் ஊர், நமக்குத் தெரியாததா என்பது அது. தெரியாது என்பதே என் துணிபு. நம் கோயில் வேறு, அவர்கள் கோயில் வேறு. பத்தூர் ஏரிக்கரை அருகே இருந்த ஊரையும் ஆலயத்தையும் 1926இல் எரிகுழம்பு மூடிற்று. மக்கள் மேட்டில் குடியேறி ஆலயத்தை அங்கே எழுப்பினர், மலையைப் பகைக்கவில்லை. ஏரியின் தெய்வத்திற்குரிய அக்கோயிலைப் பாசன நீரின் மூலமாக அவர்கள் இன்றும் போற்றுகின்றனர். சுபாக் என்னும் அவர்களது நீர்ப்பங்கீட்டு முறையை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுடைமையாக ஏற்றது. நம்மவர் படமெடுத்து மகிழும் படிக்கட்டு வயல்களின் மண், எரிமலைச் சாம்பல் தந்த மண். அவ்வயலில் நின்று படமெடுப்பவர் மலையைக் கேளாமல் வருவது, விருந்துண்ண வந்தவர் வீட்டாரை ஏறெடுத்தும் பாராதது போன்றது.

போகாதீர்கள் என்று நான் கூறவில்லை. மலை குமுறும் செய்தி வெளிவந்த பிறகு வாங்கும் பயணக் காப்புறுதி, பெரும்பாலும் அவ்விழப்பை ஈடுசெய்வதில்லை. ஆதலால் முன்னரே வாங்குங்கள். பள்ளி திறக்குமுன் இரண்டு மூன்று நாளாவது கையிருப்பில் வையுங்கள். மார்ச்சு விடுமுறையில் செல்வோர் நியெப்பி என்னும் மௌன நாள் என்று வருகிறதெனப் பாருங்கள். அன்று விமான நிலையமே ஒரு பகலும் ஓர் இரவும் மூடப்படும்.

அந்தத் தாளில் மலையின் நிலையைக் குறிக்க ஒரு வரியும், திரும்பும் பயணம் தடைப்பட்டால் செய்ய வேண்டுவது குறித்து ஒரு வரியும் சேர்க்குமாறு நண்பரிடம் கேட்டேன். இடமில்லை என்றார். கைவினைப் பொருள் அங்காடிக்கு அதே தாளில் மூன்று வரிகள் இருந்தன.