ஒத்தாசை அல்ல, நெசவு

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 7 வந்தால் கைத்தறி நாள் மேடையில் ஒரு வசனம் தவறாமல் ஒலிக்கிறது: “நெசவு அப்பனிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வரும் தொழில், வீட்டுப் பெண்கள் கூடமாட ஒத்தாசை செய்கிறார்கள்.” 2015-இல் இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கியதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பெண்ணுக்குத் தறி மிதிக்கத் தெம்பில்லையாம். அசாமில் தறியில் உட்காருவது பெண்கள்தான். பட்டு பிறந்த சீனத்திலும் ஏர் ஆணுக்கு, தறி பெண்ணுக்கு என்பதே பழைய வழக்கம். இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

பெண்கள் செய்வதை ‘ஓய்வு நேரத்துச் சில்லறை வேலை’ என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சேலம் அம்மாப்பேட்டையிலோ பக்கத்து ராசிபுரத்திலோ பட்டு நெய்யும் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல், சுற்றுவது பெண். பழைய பாவு, அதாவது தறியின் நீளவாட்டு இழைகள், தீர்ந்ததும் அதன் நுனியில் புதுப் பாவைப் பிணைக்க உட்காருவதும் அவள்தான். சாம்பல் தொட்ட விரலால் தலைமுடியைவிட மெல்லிய இரண்டு இழைகளைச் சேர்த்து ஒரு முறுக்கு. உடனே அடுத்த இழை. சேலைப் பாவில் இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். வரிசை மாறக் கூடாது; பிணைத்த இடம் தறியின் விழுதையும் அச்சையும் அறுந்துபோகாமல் கடந்து வர வேண்டும். கண் எரியும், கழுத்து இறுகும். அவள் முடிக்கும்வரை தறி ஓடாது. ஓடத் தொடங்கினாலும் அவள் சுற்றிய தார் இல்லாமல் நாடா வெறுமனேதான் போய்வரும். கூலியோ சேலைக் கணக்கில் வருகிறது. பெரும்பாலும் தறியில் உட்கார்ந்தவர் பெயரில் ஏறுகிறது.

அப்பனிடமிருந்து மகனுக்கா? பிணைக்கவும் சுற்றவும் மகள் கற்பது அம்மாவிடம். கல்யாணமாகி இன்னொரு தறி வீட்டுக்குப் போகும்போது அந்தக் கைப்பழக்கமும் கூடவே போகிறது. மாமியார், மருமகள், பேத்தி என்று ஓடும் இந்த வழியை எந்த மேடை சொல்லியிருக்கிறது?

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் தொழிலாளர்கள். அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்கள்தான் இதைத் தூக்கி நிறுத்துகின்றன என்பார்கள். இருக்கட்டும். இங்கே பாவு பிணைக்கும் கையை நெசவாளர் கை என்று ஒப்புக்கொள்ள அது தடையா?

பெண்பிள்ளைகள் படிக்கப் போனதால் தறி நின்றதென்ற புலம்பல் வேறு. அவர்கள் போனதும் நிற்கிறதென்றால், அதுவரை யார் உழைப்பில் ஓடியது?

வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் சேலம். இங்குள்ள நெசவாளர் சங்கங்கள் தார் சுற்றலுக்கும் பாவுப் பிணைப்புக்கும் கூலியைத் தனியாக எழுதி, அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும்.