எண்ணைப் பார்த்து ஏமாறும் மேடைக் கலைஞர்கள்

இசை நிகழ்ச்சிகளிலும் நாடக அரங்குகளிலும் இசைக்கும் அசைவுக்கும் ஏற்பத் திரைக் காட்சிகளை நேரடியாக இயக்குவது இன்று தனியொரு கலையாகிவிட்டது. ரெசொலூம், டச் டிசைனர் போன்ற மென்பொருள்களே இக்கலைஞர்களின் வாத்தியங்கள். இவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்ட் விற்போர் ஓதும் மந்திரம் ஒன்றேதான்: 'ஆகப் பெரிய எண்ணைக் கொண்டதை வாங்குங்கள்.' இது ஆலோசனையல்ல, வெறும் வியாபாரம்.

அந்த எண்களின் யோக்கியதைதான் என்ன? 4 ஜிகாபைட் நினைவகம் கொண்டதென 2014 இல் விற்கப்பட்ட என்விடியா ஜி.ரி.எக்ஸ் 970 கார்டில், கடைசி அரை ஜிகாபைட் ஏனையவற்றை விட மிக மெதுவாகவே இயங்கியது. வழக்குத் தொடரப்பட்டு, 2016 இல் அமெரிக்கப் பாவனையாளருக்குக் கார்டுக்கு 30 டொலர் வழங்க அந்நிறுவனம் இணங்கியது. 2022 செப்டெம்பரில் ஆர்.ரி.எக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் கொண்ட இரு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. எதிர்ப்புக் கிளம்பியதும் சிறியது மீளப்பெறப்பட்டு, 2023 ஜனவரியில் 4070 ரி.ஐ என்ற பெயரில் விலை குறைந்து வந்தது. மேசைக் கணினியின் ஆர்.ரி.எக்ஸ் 4090 இல் 24 ஜிகாபைட் நினைவகம். மடிக்கணினியின் 4090 இல் இருப்பதோ 16 ஜிகாபைட்டும் வேறொரு சிறிய சில்லும். பெயர் ஒன்று, பொருள் வேறு!

இதனிலும் பெரிய மயக்கம் விளையாட்டுப் பரிசோதனைகளை நம்புவது. கணினி விளையாட்டில் கார்ட் தானே காட்சியைப் படைக்கின்றது. மேடையிலோ பெரும்பாலும் முன்னரே தயாரித்த வீடியோக்கள் வட்டிலிருந்து வரவேண்டும். எச்.264 கோப்பில் நடுவிலுள்ள ஒரு சட்டகத்துக்குத் தாவ, அதற்கு முந்திய பல சட்டகங்களையும் விரிக்க வேண்டியிருக்கும். எனவேதான் ரெசொலூமின் டி.எக்ஸ்.வி, திறந்த மூல ஹாப் ஆகிய கோடெக்குகள் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே, கார்ட் நேரடியாக விரிக்கக்கூடிய வடிவில் சேமிக்கின்றன. இதனால் மையச் செயலியின் சுமை குறைகின்றது. வட்டின் சுமை ஏறுகின்றது.

கணக்கைப் பாருங்கள். ஹாப் கியூ வகையில் ஒரு 4கே சட்டகம், மேலதிகச் சுருக்கத்தைச் சேர்க்காவிடின், சுமார் 8.3 மெகாபைட். செக்கனுக்கு 60 சட்டகமெனில் ஏறத்தாழ 500 மெகாபைட். சாற்றா வகை எஸ்.எஸ்.டி வட்டு தரக்கூடியது ஏறத்தாழ 550 மெகாபைட் மட்டுமே. இரண்டாவது அடுக்கைச் சேர்த்ததும் காட்சி திக்குகின்றது. பழியோ கார்டின் மேல் விழுகின்றது. வேகமான என்.வி.எம்.ஈ வட்டு தீர்க்கவேண்டிய பிரச்சினைக்கு, அதைவிடப் பன்மடங்கு விலையில் புதுக் கார்ட் தலையில் கட்டப்படுகின்றது.

திரையின் கணக்கையும் எவரும் கேட்பதில்லை. 3.9 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட அரை மீற்றர் எல்.ஈ.டி பலகையொன்றில் பக்கத்துக்கு 128 புள்ளிகள். 6 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள திரை முழுவதிலும் 1536 க்கு 768 புள்ளிகள்தாம். வீட்டுத் தொலைக்காட்சியின் 1920 க்கு 1080 ஐ விட இது குறைவு! இதற்கு 450 வாட் மின்சாரம் குடிக்கும் கார்ட் எதற்கு?

சக்திவாய்ந்த கார்ட் எவருக்கும் தேவையில்லை என்பதல்ல என் வாதம். டச் டிசைனரில் துகள்களையும் முப்பரிமாண உருவங்களையும் அக்கணமே படைப்போருக்கு வலுவும் நினைவகமும் அவசியமே. ஆனால் அதன் இலவசப் பதிப்பு 1280 க்கு 1280 புள்ளிகளுக்குக் கட்டுப்பட்டது. அந்த எல்லையை எந்தக் கார்டும் உடைக்காது.

கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை திரைகள்? ஜிபோர்ஸ் கார்ட் ஒரே வேளையில் நான்கிற்கு மேல் இயக்காது. பல கணினிகளின் திரைகள் சட்டகம் பிசகாது ஒன்றிணைய வேண்டுமா? ஒத்திசைவுப் பலகையை ஏற்கும் தொழில்முறைக் கார்ட் இன்றி அது உறுதியாகாது. மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ துளை எந்தச் சில்லுடன் இணைந்துள்ளது? மூன்று மணிநேரம் ஓடினால் வெப்பம் என்னாகும்?

இவற்றைக் கேளாமல் விற்பவர் எவரானாலும், கடன்பட்டு வாங்கும் இளைஞரின் பிழைப்பில் கைவைக்கின்றார். 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவரை ஏறிய இலங்கையில், இறக்குமதிக் கார்ட் ஒன்றின் தவறான தெரிவு பல மாத உழைப்பை விழுங்கும். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வாடகைக்கு மேடை அமைக்கும் நம்மவர்க்கும் இதே கதிதான்.

கார்டின் எண்ணைக் கடைக்காரர் சொல்லட்டும். திரையின் எண்ணையும் வட்டின் எண்ணையும் முதலில் நீங்கள் சொல்லுங்கள். அக்கணக்கைப் போட மறுக்கும் கடையின் படியிலிருந்து இறங்கிவிடுங்கள்.