ஆறு நாள் விடுதலை

நீரிழிவுக்காரரைக் கண்டால், "எல்லாம் வாயைக் கட்டாததால் வந்த வினை" என்று உபதேசிப்பது நம்மவர்களுக்கு வாடிக்கை. இளம் பிராயத்திலேயே இவ்வியாதிக்கு ஆளாகிறவர்கள் விஷயத்தில் இந்த உபதேசம் பெரும் அநியாயம். கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் நுண்ணிய அணுக்களை அவர்களுடைய சரீரமே பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. பட்டினி கிடந்து என்ன பயன்?

1921-ல் கானடா தேசத்து டோரண்டோ நகரில் இன்ஸுலினைக் கண்டுபிடித்தார்கள். வியாதியஸ்தர்கள் பிழைத்தார்கள். ஆனால் பல வருஷம் ஊசியுடன் வாழ்ந்த பின் அநேகருக்குச் சிறுநீரகங்கள் கெட்டன, பார்வையும் மங்கிற்று.

1966 டிஸம்பரில் அமெரிக்காவின் மினஸோட்டா ஸர்வகலாசாலையில் வில்லியம் கெல்லி, ரிச்சர்ட் லில்லிஹை என்னும் ரண சிகிச்சை நிபுணர்கள் ஒரு துணிகரமான காரியத்தில் இறங்கினார்கள். நீரிழிவினால் சிறுநீரகங்கள் செயலற்றுப் போன 28 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தையும் கணையத்தில் ஒரு பகுதியையும் சேர்த்துப் பொருத்தினார்கள். ஆறு நாள் அவருக்கு இன்ஸுலின் ஊசி வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் அந்தப் பாக்கியம் நீடிக்கவில்லை. அவரும் அதிக காலம் ஜீவித்திருக்கவில்லை. ஆயினும் அந்த ஆறு நாளை வைத்தியர்கள் மறக்கவில்லை.

இரண்டையும் ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால், பழைய சர்க்கரையே புதியதையும் நாளடைவில் கெடுத்துவிடக்கூடும். கணையத்தை மட்டும் வைப்பதோ வேறு விதச் சங்கடம். அந்நிய உறுப்பைச் சரீரம் தள்ளிவிடாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். அம்மருந்தோ மற்ற நோய்களை எதிர்க்கும் சக்தியைக் குறைப்பது. ஊசிக்குப் பதிலாக இந்தத் தண்டனையை யார் விரும்புவார்? சிறுநீரகத்துக்காக எப்படியும் அதை உண்ணவேண்டியவருக்குக் கணையம் கூடுதல் லாபம். எனக்கு இந்தக் கணக்கு நியாயமாகவே படுகிறது.

பழைய உறுப்புகளைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அடிவயிற்றில் ஒரு புறம் சிறுநீரகம், மறு புறம் கணையம். கணையம் சுரக்கும் ஜீரண நீரை எங்கே விடுவது என்பதுதான் வெகுகாலம் தலைவேதனையாக இருந்தது. ஆதியில் குழாயைக் கட்டினார்கள். பிறகு மூத்திரப் பையில் விட்டார்கள். இப்போது பெரும்பாலும் குடலிலேயே சேர்க்கிறார்கள். 1980-க்குப் பின் ஸைக்ளோஸ்போரின் முதலிய மருந்துகள் வரவே, ஆறு நாள் என்பது பல வருஷமாயிற்று.

எடுத்த கணையம் நெடுநேரம் தாங்காது. ஆகையால் எங்கேயோ ஒரு வீட்டில் துக்கத்தின் நடுவே சம்மதம் கிடைத்ததும், இங்கே நோயாளி நள்ளிரவாயினும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான்.