எதிரியின் புத்தகம்

கார்ல் ஷ்மிட் என்னும் ஜெர்மானிய சட்டப் புரொபசருடைய புத்தகத்தைப் பற்றி நாம் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசிவிட்டோம் என்பதற்காக ஒரு தோழர் நம்மீது மிகவும் கோபித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். நாஜியின் புத்தகத்தைக் கையால் தொடுகிறவன் பகுத்தறிவுவாதியா என்பது அவரது கேள்வி. அதே கூட்டத்தில் வேறொரு தோழர் எழுந்து, அறிவு கட்சிக்கு அப்பாற்பட்டதாயிற்றே, ஆசிரியர் எந்தக் கட்சியில் இருந்தால் நமக்கென்ன என்று கேட்டார். இவ்விருவரும் எதிரெதிரே நிற்பவர்கள்போல் காணப்பட்டாலும், பாதியைப் படித்தால் போதும் என்பதில் இருவரும் ஒரே கட்சிதான். ஒருவர் புத்தகத்தைப் பார்க்க வேண்டாமென்கிறார். மற்றவர் ஆளைப் பார்க்க வேண்டாமென்கிறார்.

முதலில் ஆளைப் பார்ப்போம். ஷ்மிட் 1888-ம் வருஷம் பிளெட்டன்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்து, 1985-ல் தமது 96-வது வயதில் இறந்தவர். 1933 மே மாதம் 1-ந் தேதி நாஜி கட்சியில் சேர்ந்தார். அவ்வருஷம் கொலோன் சர்வகலாசாலையில் ஹான்ஸ் கெல்சன் என்ற பெரிய சட்ட அறிஞர் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டபோது, சக ஆசிரியர்கள் அவருக்காக எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதவர் இவர். 1934-ல் ஹிட்லர் தன் கட்சிக்காரர்களையும் மற்றவர்களையும் விசாரணையின்றிக் கொன்று குவித்தபோது, தலைவரே சட்டத்தைக் காப்பாற்றுகிறார் என்று கட்டுரை எழுதினார். 1936 அக்டோபரில் மகாநாடு கூட்டி, யூத ஆசிரியர்களின் நூலிலிருந்து எதையாவது எடுத்துக் காட்டினால் அவர் யூதர் என்று குறித்தே காட்ட வேண்டும் என்றார். அவ்வருஷக் கடைசியில் நாஜிகளுடைய பத்திரிகையே இவரைச் சந்தர்ப்பவாதி என்று தாக்கிற்று. கட்சிப் பதவிகள் போயின. ஆனால் பெர்லின் புரொபசர் உத்தியோகம் 1945 வரை போகவில்லை. யுத்தம் முடிந்தபின் காவலில் வைக்கப்பட்டு, நூரெம்பெர்க்கில் விசாரிக்கப்பட்டு, வழக்கில்லாமல் விடப்பட்டார். செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவரல்லர்.

இப்படிப்பட்டவருடைய எழுத்தில் நமக்கு என்ன வேலை? அவர் நாஜியாவதற்கு முன் எழுதியவற்றைப் பார்க்க வேண்டும். 1922-ல் எழுதிய சிறு புத்தகமொன்றில், நவீன அரசாங்கத்தின் முக்கியமான கருத்துக்களெல்லாம் மத சாஸ்திரத்திலிருந்து வந்தவையே என்கிறார். சர்வ வல்லமையுள்ள கடவுள்தான் சட்டம் செய்யும் சர்க்காராக வேஷம் மாற்றி வந்திருக்கிறார், மதத்தில் அற்புதம் எதுவோ அதுவே சட்டத்தில் நெருக்கடி நிலை என்பது அவரது வாதம். அவர் கத்தோலிக்கர். பெருமையாகத்தான் சொன்னார். நமக்கோ அது எதிர்க்கட்சிச் சாட்சி கூண்டிலேறிக் கொடுத்த வாக்குமூலமாக இருக்கிறது. கடவுளை ஒழித்துவிட்டோம் என்று நினைக்கிற தேசங்களிலும் அவருடைய நாற்காலி காலியாகவில்லை என்பதை ஒரு பக்தரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1932-ல் அவர் எழுதியது இன்னும் முக்கியமானது. எல்லாக் கட்சிக்கும் சம சந்தர்ப்பம் கொடுக்கும் அரசியல் சட்டம், உள்ளே நுழைந்ததும் கதவைத் தாளிடப்போகிற கட்சிக்கும் அதே சந்தர்ப்பத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஜெர்மனியில் ஆனதென்ன? 1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் சட்டப்படியே சான்சலரானான். பிப்ரவரி 28-ந் தேதி அரசியல் சட்டத்தின் 48-வது பிரிவைக் கொண்டே ஜனங்களின் உரிமைகள் நிறுத்தப்பட்டன. மார்ச் மாதத்தில் பார்லிமெண்டே தன் அதிகாரத்தை அவனிடம் கொடுத்தது. திருடன் எந்த ஓட்டைப் பிரித்து இறங்குவான் என்று ஊருக்குச் சொன்ன ஷ்மிட், அவன் இறங்கினதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்காலத்து இடதுசாரிகள் இதை அறியாதவர்களல்லர். ஓட்டோ கிர்க்ஹைமர் என்னும் சமதர்மவாதி இவரிடமே படித்து 1928-ல் பட்டம் பெற்று, பின் இவரையே எதிர்த்து எழுதி, நாடுவிட்டுப் போனவர். வால்டர் பெஞ்சமின் என்னும் யூத எழுத்தாளர் 1930-ல் தம் புத்தகத்தோடு நன்றி தெரிவித்து இவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பெஞ்சமின் 1940-ல் நாஜிகளுக்குத் தப்பியோடும் வழியில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1966-ல் அவருடைய சிநேகிதர்கள் வெளியிட்ட கடிதத் தொகுப்பில் அந்தக் கடிதம் சேர்க்கப்படவில்லை. சிநேகிதர்களின் மனவேதனை நமக்குத் தெரிகிறது. ஆனாலும் இது சரியென்று நாம் சொல்ல மாட்டோம். ஓலைச்சுவடியில் வேண்டாத ஏட்டை உருவிப்போடும் வேலையை நாம் புராணக்காரர்களிடத்தில் கண்டிக்கிறோம். நம்மவர் செய்தால் மாத்திரம் அது நியாயமாகிவிடுமா?

நிற்க, இதெல்லாம் எங்கேயோ நடந்த சங்கதியென்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். 1965 பிப்ரவரியில் டீட்ரிஷ் கான்ராட் என்னும் ஜெர்மானியப் புரொபசர் காசி இந்து சர்வகலாசாலையில் ஒரு பிரசங்கம் செய்தார். பார்லிமெண்டு மூன்றில் இரண்டு பங்கு வோட்டைக் கொண்டு அரசியல் சட்டத்தையே ஒழித்து, மொகலாய ராஜ்யத்தை மறுபடி கொண்டுவர முடியுமா என்ற மாதிரிக் கேள்விகளை அவர் கேட்டார். சட்டத்தைத் திருத்துவது வேறு, அழிப்பது வேறு என்று 1928-லேயே ஷ்மிட் எழுதிய வாதம் இதற்குப் பின்னால் நிற்கிறது. கான்ராட்டின் பிரசங்கத்தை வக்கீல் எம். கே. நம்பியார் 1967-ல் கோலக்நாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வைத்தார். 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 ஜட்ஜுகளில் 7 பேர், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை அழிக்கப் பார்லிமெண்டுக்கு அதிகாரமில்லையென்று தீர்ப்புச் சொன்னார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், பார்லிமெண்டின் திருத்தும் அதிகாரத்திற்கு எல்லையே கிடையாது என்று 42-வது திருத்தத்தில் எழுதிவைத்தார்களே, அது 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்தத் தீர்ப்பைக் கொண்டுதான் தள்ளப்பட்டது. காசியிலிருந்து வந்த சரக்குகளில் நமக்கு உபயோகப்பட்டது இது ஒன்றே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நம்மைக் கோபிக்கும் தோழர் நாஜியின் வாடை பட்டதென்று இந்தத் தீர்ப்பையும் தள்ளிவிடச் சொல்லுவாரா?

அதற்காக ஆளை மறந்துவிடலாம் என்ற மற்றத் தோழருக்கு ஜெயமாகிவிட்டதென்று அர்த்தமல்ல. அரசியல் என்பதே நண்பன் யார், எதிரி யார் என்று பிரிப்பதுதான் என்பது ஷ்மிட்டின் பேர்போன சித்தாந்தம். இன்றைக்கு வலதுசாரிகளும் இடதுசாரிகளும் இதைச் சிலாகித்துப் பேசுகிறார்கள். படிக்கும்போது மயக்கமாகத்தான் இருக்கிறது. நமக்கும் இருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தில் எதிரி யார் என்ற இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. ஒரு ஜனசமூகம் யாரை வேண்டுமானாலும் எதிரியென்று தீர்மானிக்கலாம், காரணம் காட்ட வேண்டியதில்லை, தர்மம் நியாயம் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலி இடத்தில் யூதர் என்று 1936-ல் நிரப்பியவர் வேறு யாருமல்ல, அந்த ஆசிரியரேதான். ஆளைப் பார்க்காமல் புத்தகத்தை மாத்திரம் படிக்கிறவனுக்கு இந்தக் காலி இடம் கண்ணில் படாது. சித்தாந்தம் வெகு சுத்தமாக இருப்பதாக அவனுக்குத் தோன்றும்.

மனுதர்ம சாஸ்திரத்தை நாம் பக்திக்காகப் படிக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எண்ணிச் சொல்லும்படி படித்ததனால்தான் மேடையில் எதிரிக்கு வாய் திறக்க முடியாமற்போயிற்று. ஷ்மிட் விஷயத்திலும் நாம் அப்படித்தான் செய்ய உத்தேசித்திருக்கிறோம். 1978-ல் ஜேக்கப் டவ்பெஸ் என்னும் யூதப் புரொபசர், பல வருஷம் தயங்கியபின் பிளெட்டன்பெர்க்குக்குப் போய் அக்கிழவரை நேரில் கண்டு வாதித்தார். போனது சரியா, தப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை. புத்தகசாலைச் சந்தாவோடு முடிகிற வேலை.

கடிதம் எழுதிய தோழர் மேற்படி 1932-ம் வருஷத்துப் புத்தகத்தை ஒரு தடவை படித்துவிட்டு, அப்பொழுதும் நம்மேல் கோபமிருந்தால் மறுபடி எழுதட்டும். அதை ஒரு வரி குறைக்காமல் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.