இந்தியா மில் நிற்கும் ஊர்

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பிரதேசத்தில், பிளாக்பர்னுக்குத் தெற்கே நாலைந்து மைல் தூரத்தில் டார்வென் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 30,000. மாஞ்செஸ்டரைத் தெரிந்த அளவுக்கு இதை யாருக்கும் தெரியாது. ஆயினும் நம் நேயர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர். ஏனெனில் அந்த ஊருக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ‘இந்தியா’தான்!

இந்தியா மில் என்ற நூற்பு ஆலையின் புகைபோக்கியைத்தான் சொல்கிறேன். 1860-களில் கட்டியது. உயரம் 303 அடி. புகை போவதற்கு ஒரு குழாய் போதும். ஆனால் எக்கல்ஸ் ஷொராக் என்ற முதலாளிக்கு அது போதவில்லை. இத்தாலி தேசத்து மாதாகோயில் மணிக்கூண்டைப் போலச் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமான செங்கல்களால், நாலு பட்டையாக, உச்சியில் சித்திர வேலைப்பாட்டுடன் எழுப்பிவிட்டார். பணம் வந்து குவிந்த காலம் அது. அந்தப் பணத்தில் பெரும் பகுதி எங்கிருந்து வந்தது என்பதை ஆலையின் பெயரே சொல்லிவிடுகிறது. பிளாக்பர்ன், டார்வென் வட்டாரத் தறிகளில் நெய்த வேஷ்டியும் மல்லும் கப்பலேறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. 1913-ஆம் வருஷத்தில் லங்காஷயர் இந்தியாவுக்கு அனுப்பிய துணி சுமார் 300 கோடி கஜம். 1931-ல் அது 40 கோடி கஜத்துக்கு இறங்கிவிட்டது.

அந்த 1931-ஆம் வருஷத்தில்தான், வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியடிகள் டார்வெனுக்குப் புறப்பட்டார். தறிகள் நின்றுபோய் ஆயிரக்கணக்கானோர் வேலையின்றித் தவித்த பிரதேசம். அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன மனிதரே அங்கு போவதென்றால், கல்லெறி விழுமோ என்று பயந்தவர்கள் உண்டு. செப்டம்பர் 25-ந் தேதி இரவு ஊருக்கு வந்து, ஸ்பிரிங் வேல் பகுதியில் தோட்டக் கிராமம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் தங்கினார். மறுநாள் கிரீன்ஃபீல்டு மில்லில் எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தமானது. நடுவே சால்வை போர்த்திய காந்திஜி. சுற்றிலும் ஆலைப் பெண்கள் கையை உயரத் தூக்கி ஆரவாரம் செய்கிறார்கள். அவர்கள் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை.

காந்திஜி அவர்களை முகஸ்துதி செய்து மகிழ்விக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கஷ்டம் என் நெஞ்சை வருத்துகிறது. ஆனால் எங்கள் கிராமங்களிலுள்ள பட்டினியின் முன் இது சிறிது என்ற கருத்தையே எடுத்துச் சொன்னார். வேலையிழந்தவர்கள் அதை மரியாதையுடன் கேட்டுக்கொண்டார்கள். உண்மையில் லங்காஷயரின் வீழ்ச்சிக்குப் பகிஷ்காரம் மட்டும் காரணமல்ல. இந்திய ஆலைகள் பெருகின. இறக்குமதி வரி உயர்ந்தது. ஜப்பான் துணி மலிவாக வந்து குவிந்தது. உலகெங்கும் வியாபார மந்தம் வேறு. நூற்பு ஓய்ந்துபோன இந்தியா மில்லின் கட்டடத்தில் பிற்பாடு காரியாலயங்கள் ஏற்பட்டன. புகைபோக்கி மட்டும் புகையின்றி நிற்கிறது.

ஊரின் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லங்காஷயரின் நெசவு ஊர்களில் ‘அரைநேரக்காரர்’ என்றொரு ஜாதிப் பிள்ளைகள் இருந்தார்கள். பன்னிரண்டு வயதானதும் பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி. இந்த வாரம் விடியற்காலை ஆறு மணிக்கு ஆலைக்குப் போய்விட்டு மத்தியானம் பள்ளிக்கூடம். அடுத்த வாரம் காலையில் பள்ளிக்கூடம், பிற்பகலில் ஆலை. மத்தியான வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள் என்றால் ஆச்சரியம் என்ன? பெற்றோரே இந்த ஏற்பாட்டை விட மனமில்லாமல் இருந்தார்கள். குழந்தையின் சில்லறைக் கூலியும் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது. 1918-ஆம் வருஷக் கல்விச் சட்டம்தான் இதற்கு முடிவு கட்டிற்று. அத்தகைய ஊரில், கார்னீகி கொடுத்த பணத்தில் 1908-ல் ஒரு வாசகசாலை ஏற்பட்டது சாமானிய விஷயமல்ல. அதை ஒட்டி இன்று ஒரு நாடக அரங்கும் இருக்கிறது.

இனி விளையாட்டு. 1879-ல் இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பைப் பந்தயத்தில் கால் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈட்டன் கல்லூரியின் பழைய மாணவர்கள். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். எதிர்ப் பக்கம் டார்வென் ஆலைத் தொழிலாளர்கள். ஆட்டம் லண்டனில். கடைசிக் கால்மணி நேரம் வரை ஈட்டன்காரர்கள் ஐந்து கோல், டார்வென் ஒன்று. பிறகு என்ன நேர்ந்ததோ, டார்வென்காரர்கள் மளமளவென்று நாலு கோல் போட்டு ஐந்துக்கு ஐந்து என்று ஆக்கிவிட்டார்கள்! கூடுதல் நேரம் ஆடுவோம் வாருங்கள் என்றபோது சீமான்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே மறுபடியும் லண்டன் பிரயாணம். அதற்காக ஊரார் சந்தா வசூலித்தார்கள். இரண்டாவது ஆட்டமும் இரண்டுக்கு இரண்டு. மூன்றாவதில் களைத்துப்போன தொழிலாளர்கள் 6–2 என்று தோற்றார்கள். ஈட்டன்காரர்கள் அந்த வருஷக் கோப்பையையும் வென்றார்கள். ஆனால் பெயர் வாங்கியது டார்வென்தான். அந்தக் குழுவில் ஆடிய ஃபெர்கஸ் சூட்டர் கிளாஸ்கோவிலிருந்து வந்த கல்தச்சர். லங்காஷயர்க் கல் மிகவும் கெட்டி என்று உளியைக் கீழே வைத்துவிட்டாராம்! பந்தாடிப் பிழைத்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். பழைய சங்கம் 2009-ல் கலைக்கப்பட்டது. அதன் வாரிசான புதுச் சங்கம் ஆங்க்கர் மைதானத்தில் ஆடுகிறது.

ஊருக்கு மேற்கே மேய்ச்சல் மேடு ஒன்று இருக்கிறது. அதன் வழியே ஜனங்கள் தொன்றுதொட்டு நடந்துவந்த பாதைகளை, ஊரில் வசிக்காத நிலச்சுவான்தாரான டக்வொர்த் பாதிரியார், வேட்டைப் பறவைகளுக்காக அடைத்துவிட்டார். குடியானவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் பல மைல் சுற்றிப் போக நேர்ந்தது. 1878-ல் சிலர் தடையை மீறி நடந்தார்கள். வழக்கு வந்தது; வருஷக்கணக்கில் இழுத்தது; கடைசியில் ஜனங்கள் பக்கமே ஜயித்தது. 1896 செப்டம்பரில் ஊரே திரண்டு மேட்டின் மீது ஏறிற்று. அதன் நினைவாகவும், விக்டோரியா ராணியின் அறுபதாம் ஆண்டு விழாவை முன்னிட்டும், 85 அடி உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டி 1898-ல் திறந்தார்கள். ராணியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் ஊரார் அதைத் தங்கள் நடை உரிமைக்கு எழுப்பிய கோபுரமாகவே கருதுகிறார்கள். அவர்கள் கருதுவதே சரி என்பது என் அபிப்பிராயம். மேட்டின் மேல் காற்று பலமானது. உச்சிக் கூண்டு 1947-ல் ஒரு தடவையும் 2010-ல் ஒரு தடவையும் பறந்து போயிற்று. 2012-ல் துருப்பிடிக்காத எஃகில் புதிய கூண்டு ஒன்றை, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்து, மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.