கூவத்திற்காக ஒரு விண்ணப்பம்

பேருந்து பாலத்தின் மேல் ஏறியதும் நாம் எல்லோரும் ஒரே சமயத்தில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். பாலம் முடிந்ததும் விட்ட பேச்சைத் தொடர்கிறோம். கீழே கிடப்பது ஓர் ஆறு என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஒருவரை ஏசுவதற்கு ஆற்றின் பெயரை எடுத்தாளும் ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்!

பிறக்கும்போது கூவம் இப்படியில்லை. நகருக்கு மேற்கே கேசவரம் அணைக்கட்டில் பிரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வந்து, நேப்பியர் பாலத்தருகே கடலைச் சேர்கிறது. மதுரவாயல், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று நகருக்குள் வர வர, நம் வீடுகளின் கழிவுநீரும் அதில் சேர்கிறது. போதாக்குறைக்கு முகத்துவாரத்தைக் கடல் மணல் வந்து அடைத்துக் கொள்கிறது. வயிறும் நிரம்பி வாயும் அடைபட்டால் யார்தான் நலமாயிருப்பார்?

அரசு பணம் ஒதுக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் உல்லாசப் படகுகள் விட்டார்கள். அவை சில காலமே ஓடின. 2015-இல் கூவத்தைச் சீரமைக்க 604 கோடி ரூபாய்க்கு மேல் அனுமதிக்கப்பட்டது. 2017-இல் அடையாற்றுக்கு 555 கோடி. குப்பை கொட்டும் இடமாயிருந்த அடையாற்றுக் கழிமுகப் பகுதி, 2011 ஜனவரியில் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே சதுப்பு நிலச் செடிகளும் பறவைகளும் திரும்பி வந்ததைப் பார்க்கும்போது, முயன்றால் முடியும் என்றே தோன்றுகிறது.

பின் எதற்கு மீண்டும் நிதி கேட்க வேண்டும்? பூங்காவைத் திறக்க நாடா வெட்டலாம். மண்ணுக்கடியில் போகும் கழிவுநீர்க் குழாய்க்கு யார் நாடா வெட்டுவார்கள்? கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைக்கே முதல் ரூபாய் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. கழிவுநீர் நிற்காத கரையில் நடைபாதையும் பூச்செடியும் வைத்தால், நாம் அங்கேயும் மூக்கைப் பொத்திக் கொண்டுதான் நடப்போம். ஒரு முறை பெருந்தொகை தந்துவிட்டு மறந்து போவதைவிட, பராமரிப்புக்கென ஆண்டுதோறும் சிறு தொகை தருவது மேல்.

இவற்றையெல்லாம் விட எங்களை உறுத்துவது வேறொன்று. கூவக் கரையிலிருந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம், கல்வியாண்டின் நடுவில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டது. அது 20 கிலோமீட்டருக்கும் அப்பால். இரண்டு பேருந்து மாறி, காலை ஜெபம் முடிந்த பிறகு மூச்சிரைக்க வந்து நிற்பாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவள் வரவில்லை. கரையில் குடியிருப்பது ஆபத்து என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்? ஆனால் ஆற்றுக்கு ஒதுக்கும் நிதியில் அவளுடைய பள்ளிக்கும், அவள் தந்தையின் பிழைப்புக்கும் ஒரு பங்கு இருக்கக் கூடாதா? மே மாதம் வரை பொறுத்திருக்கக் கூடாதா?

இவற்றையே முதலமைச்சர் அவர்களுக்கு விண்ணப்பமாக எழுதியிருக்கிறோம். படித்துப் பார்த்த சிஸ்டர் சந்திப் பிழைகளைத் திருத்தியதோடு, ஒரு கேள்வியும் கேட்டார்கள்: "நம் பள்ளியின் கழிவுநீர் எங்கே போகிறது?" எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. தோட்டக்காரத் தாத்தாவை அழைத்துக் கொண்டு சுற்றுச்சுவர் வரை போய்ப் பார்த்தோம். தெருக் குழாயில் சேர்கிறது என்றார். அங்கிருந்து எங்கே என்பது அவருக்கும் தெரியவில்லை. குடிநீர் வாரியத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் அதையும் இணைத்து அனுப்புவோம். பெற்றோர் கையொப்பமிடுவதற்காக விண்ணப்பத்தின் படி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.